கோபுரத்தில் இருப்பவளுக்குப் பசிக்காதா?

"அம்மா, கோபுரத்துல பூட்டி வெச்சிருக்காங்களே, அந்த அத்தைக்கு யாரும்மா சாப்பாடு குடுப்பாங்க?"

ஞாயிறு மாலை, கணப்பருகே மகளுக்கு நாவல் வாசித்துக்கொண்டிருந்த டார்கஸ் நிறுத்தினாள். திருமணத்துக்கு முன்பிருந்தே அவள் திரும்பத் திரும்பப் படித்த பழைய நாவல். பாறைமேல் மாளிகை, முகம் கொடுத்துப் பேசாத எஜமான், அவனை நேசிக்கும் ஏழைப்பெண். வடக்குக் கோபுரத்தில் ஊருக்குத் தெரியாமல் அடைபட்ட அவன் சகோதரி. அவள் காலடிச் சத்தம் வரும் பக்கங்களில் டார்கஸுக்கு இனிமையாக மெய்சிலிர்க்கும். அவளுக்குப் பசிக்குமே என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

"வேலைக்காரி யாராவது கொண்டுபோவா, எட்னா."

"அவ்வளவு படி ஏறணுமே. ஆறிப்போயிடாதா?"

கணவன் வால்டர் சிரித்தான். "பேய்க்கதையில சமையல்கட்டைத் தேடுறா பாரு. உன் பொண்ணேதான்."

பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வால்டரின் அக்கா ஜூடித் சித்தம் கலங்கி, ஆராதனை நடுவே கூச்சலிட்டபின், அவளைப் பக்கத்து ஊர் மனநோயாளர் இல்லத்தில் விட்டிருந்தார்கள். சபையில் கேட்டால், கடற்காற்றுக்காக ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னது டார்கஸ்தான். பொய் வெளிப்படுமே என்று போய்ப் பார்ப்பதும் நின்றுபோனது. எட்னா பிறந்து டார்கஸ் காய்ச்சலில் கிடந்தபோது, தலையை மடியில் தாங்கி அரிசிப் புட்டிங்கை ஊதி ஊதி ஊட்டியவள் அந்த ஜூடித். வீடே சண்டை போடும், புட்டிங்கின்மேல் படியும் பழுப்பேறிய பாலாடையை, "பிள்ளை பெத்தவளுக்குடா இது. கைய வெச்சே, கரண்டியாலயே போடுவேன்" என்று தம்பியை விரட்டிவிட்டு இவள் வாயில் வைப்பாள்.

அன்று ஜெபத்தில் டார்கஸுக்கு அந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது. தேவன் எல்லோரிடமும் தூதனை அனுப்புவதில்லை. சிலருக்கு ஒரு குழந்தையின் கேள்வி போதும் என்று விட்டுவிடுகிறார்.

மறுநாள் பேருந்தில் சபையின் ஹெப்வொர்த் அம்மாள் அவள் மடியிலிருந்த துணி மூடிய புட்டிங் பாத்திரத்தை மோந்து பார்த்தாள். "ஜாதிக்காய் வாசம் ஆளைத் தூக்குது! யாருக்குடீ இந்த விருந்து?"

டார்கஸின் காது சுட்டது. "எங்க ஜூடித்துக்கு. அவ ஸ்கார்பரோல இல்ல. பைத்தியக்கார ஆஸ்பத்திரில இருக்கா. நான்தான் பொய் சொன்னேன்."

டார்கஸ் இறங்கும்போது அந்த அம்மாள் கதவருகே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உதவினாள்.

இல்லத்தில் தாதி நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். ஜூடித் இளைத்திருந்தாள். வந்தவள் யாரென்று அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"சூடா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

டார்கஸ் ஊதினாள். பாலாடையைக் கிழியாமல் முழுதாக எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். ஜூடித் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ பிடுங்க வருவதுபோல. பிறகு வாயைத் திறந்தாள்.