பால்கனி வழியாக ஒரு சாய்தளம்

ஊனம் படிக்கட்டில்தான் இருக்கிறது, மனிதனின் காலில் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தேன். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அதெல்லாம் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குத் தெரிய வேண்டுமே!

பல்கேரியாவின் ரூசே நகரில் எங்கள் வீடு தரைத்தளம் என்று பேர்தான். வாசலிலிருந்து ஏழு படி ஏற வேண்டும். கட்டினவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். என் தம்பி யாசென் இருப்பது சக்கர நாற்காலியில். அவன் வெளியே போக வேண்டுமென்றால் மேல்வீட்டு மிஹோ மாமாவும் அவர் மகன்களும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். பல் டாக்டர், கல்யாணம், அம்மாவின் அடக்கம், எல்லாவற்றுக்கும் அவர்கள் கைதான். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல நாக்கு கூசும்.

இந்த வருடம் யாசெனுக்கும் நான் படித்த அதே படிப்பில், உள்ளூரிலேயே இடம் கிடைத்தது. தினமும் காலையில் வகுப்பு. தினமும் யார் தூக்குவது? தலைநகர் சோபியாவில் கட்டிடங்களின் இந்த மாதிரித் தடைகளை நீக்குவதையே வேலையாகச் செய்கிற நான், எங்கள் பால்கனிக் கம்பியை அறுத்து முற்றத்தில் இறங்கும் சாய்தளம் ஒன்றை வரைந்தேன். செலவு நகராட்சியுடையது. குடியிருப்பவர்கள் சம்மதித்தால் போதும்.

வழக்கம்போல வாசலில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், வீட்டுச் செருப்போடு நின்றபடியே கூட்டம். யாசெனை மேல்படியில் நிறுத்தியிருந்தோம். நான் பேசி முடித்ததும் மிஹோ மாமாவின் முகம் சுருங்கியது.

"ஏம்மா ரலித்சா, கை வலிக்குதுன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? நாங்க செத்தா போயிட்டோம்?"

"ஐயோ மாமா, அதுக்கில்ல. தினமும் உங்களால முடியுமா?"

"பெரிய படிப்பு படிச்சிட்டா மனுஷங்க வேண்டாம், சிமெண்டு போதும்! அப்படித்தானே?" என்றார். சத்தியமாக அவர் கண் கலங்கியிருந்தது.

குடியிருப்பை நிர்வகிக்கும் ஸ்தாங்கா அத்தை கையைத் தூக்கச் சொன்னார். பாதி வீடுகள் சரி என்றன, பாதி வேண்டாம் என்றன. அம்மா எங்கள் வீட்டை யாசென் பேரில் எழுதியிருந்ததால் அவன் ஓட்டு மட்டும் மிச்சம். எனக்கு உயிர் வந்தது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "வேண்டாம் அத்தை," என்றான்.

மிஹோ மாமா படியேறி வந்து அவன் தலையில் முத்தம் வைத்தார். "பாத்தியா, இது நம்ம புள்ள!"

கதவைச் சாத்தியதும் கத்தினேன். "பைத்தியமாடா உனக்கு? உனக்காகத்தானே இவ்வளவும்!"

"கத்தாத, மேல கேக்கும்." அடுப்படி மேசையில் ஆறிப்போன சீஸ் பனித்சாப் பலகாரத்தைப் பிய்த்தபடியே பேசினான். "நீ ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிடுவ. மாமா மூஞ்சிய திருப்பிக்கிட்டாருன்னா, நீ சொன்ன சிமெண்டும் வரலேன்னா? ஜுரம் வந்தா நான் யாரைக்கா கூப்பிடுவேன்?"

ஜன்னலுக்கு வெளியே மிஹோ மாமா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான் தட்டைத் தள்ளிவைத்து. "காலேஜில அந்த சீட்ட அடுத்த வருஷம் வரைக்கும் வெச்சிருப்பாங்களா?"

மாட்டார்கள். அந்த விதியை வரி வரியாகப் படித்தவள் நான்.

"வெச்சிருப்பாங்கடா," என்றேன்.