ஓரம் தெரியாத கண்ணாடி

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஐசக்கின் ஸ்டுடியோவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. 'பித்தளைக் கண்ணாடி ஐசக்' என்று சொன்னால் போதும், எந்த மாட்டு வண்டிக்காரனும் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

பித்தளைக் கண்ணாடி என்பது அவனுடைய கேமராவின் லென்ஸ். அரைப்படி பருமனில் ஒரு பித்தளைக் குழல். அதற்குள் கனமான கண்ணாடிகள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய வருஷம் பட்டணத்தில் ஒரு பழைய ஸ்டுடியோவை ஏலம் விட்டபோது வாங்கினான். செய்தவன் பெயர் தேய்ந்து போயிருந்தது. ஒளியைக் குறைக்கும் தகடுகள் எப்போதோ தொலைந்து போயிருந்தன. ஐசக்கின் தாத்தா பிறப்பதற்கு முன்பே அது பிறந்திருக்க வேண்டும். அதனால் என்ன? பழசென்றால் இளக்காரம் பேசுகிறவர்கள் அதன் முன்னால் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த லென்ஸ் முகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். கண்ணில் ஒவ்வொரு இமை மயிரையும் எண்ணலாம். காதுக்கு அப்பால் மெல்ல மெல்ல மெழுகாக இளகும். பின்னால் வேப்பமரம் இருந்தால் அதன் இலைகளெல்லாம் வட்டமாகச் சுழன்று, ஆளைச் சுற்றிக் கும்மியடிப்பது போல விழும். ஐசக் எடுத்த போட்டோ போனால் மாப்பிள்ளை வீட்டார் மறுவாரமே வண்டி கட்டுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி ஐசக்கே கிளப்பிவிட்டது. மீதிப் பாதி நிஜம்.

ஆனால் ஒருவர் இருவர் உட்கார்ந்தால்தான் இந்தச் சொகுசு. கூட்டமாக நின்றால் நடுவில் இருப்பவர் பளிச்சென்று இருப்பார். ஓரத்தில் நிற்பவர்கள் கரைந்து போவார்கள். போன வருஷம் இதுதான் வம்பாயிற்று.

வீரராகவன் காஞ்சிபுரத்தில் ஹைஸ்கூல் வாத்தியார். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் மானாம்பதியில் அவருக்கு நிலம் இருந்தது. அப்போது ஜப்பான் முறை நடவு என்று ஊரெல்லாம் பேச்சு. கயிறு பிடித்து நேர்வரிசையில் நட வேண்டும். ஏக்கருக்கு அதிக விளைச்சல் எடுத்ததாக ஜில்லாவில் அவருக்குப் பரிசு கிடைத்தது. அதைக் கொண்டாடக் களத்துமேட்டில் ஒரு குரூப் போட்டோ. நடுவில் நாற்காலியில் அவர். இரண்டு பக்கமும் ஏழு ஏழு பேராக அவருடைய கழனியில் வேலை செய்யும் பதினாலு பேர். அதில் ஒருத்தி சிட்டம்மாள், ஐசக்கின் அம்மா.

படம் கழுவி அட்டையில் ஒட்டியபோது வீரராகவன் நெற்றியில் திருமண் கோடு கூடத் தெளிவாக இருந்தது. இரண்டு பக்கமும் பதினாலு புகைமூட்டங்கள். அட்டையின் கீழே வழக்கப்படி ஐசக் எழுதியிருந்தான்: 'உட்கார்ந்திருப்பவர் ஸ்ரீமான் வீரராகவன். மற்றும் பண்ணையாட்கள்.'

சிட்டம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் எங்கடா கீறேன்?"

ஐசக் ஒரு புகைமூட்டத்தைத் தொட்டுக் காட்டினான்.

"சேத்துல போட்டு மிதிச்ச மாதிரி கீது" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ வாம்மா, ஸ்டுடியோல ஒண்டியா உக்கார வெச்சி ராணி மாதிரி எடுக்கறேன்."

"ஒண்டியா இன்னாத்துக்கு? நட்டது நான் ஒண்டியா?"

அன்று மாலையே டீக்கடையில் யாரோ சொன்னார்கள்: "ஐசக்கு கண்ணாடிக்கு நாக்காலி மட்டுந்தான் தெரியும்." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தான்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் கேமராவை ஸ்டுடியோவின் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். பதினைந்து செங்கல்லை ஒரே வரிசையாக நிறுத்தினான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்புறத்து மங்கல் கண்ணாடியில் பார்த்தான். தலைகீழாகத் தெரிந்த வரிசையில் நடுக்கல்லின் சொரசொரப்பு கூடத் தெரிந்தது. கடைசிக் கல் கஞ்சியாகக் கிடந்தது. வெளியே வந்து கடைசிக் கல்லைக் கேமரா பக்கமாக ஒரு முழம் இழுத்தான். பார்த்தான். இன்னொரு அரை முழம் இழுத்தான். கல் பளிச்சென்று எழுந்து நின்றது!

பொழுதுக்கும் இழுத்து இழுத்து வைத்ததில் பதினைந்து செங்கலும் பிறை போல வளைந்து நின்றன. அப்போது ஒவ்வொரு கல்லும் தெளிவு. இந்தக் கண்ணாடியின் பார்வை சுவர் போல நேரானதல்ல, கிண்ணம் போல வளைந்தது. ஓரத்தில் இருப்பவன் முன்னால் வந்தால்தான் அதன் கண்ணில் படுவான். குற்றம் கண்ணாடி மேல் இல்லை, நிறுத்தியவன் மேல்தான். பத்து வருஷம் கட்டிக் காத்த பொருளை இன்றுதான் புரிந்துகொண்டோம் என்று ஐசக்குக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

"அம்மா, அடுத்த தபா பதினாலு மூஞ்சியும் தெரியும். தெரியலன்னா இந்தக் கண்ணாடிய ஏரில போட்டுர்றேன்" என்றான்.

"ஏரிக்கு இன்னாத்துக்குடா அந்தப் பேஜாரு?" என்றாள் சிட்டம்மாள். ஆனால் அவன் சொன்னதை மறக்கவில்லை.

இந்த வருஷமும் பரிசு வீரராகவனுக்கே வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை மறுபடியும் களத்துமேடு, அதே நாற்காலி, அதே பதினாலு பேர். பெண்கள் துவைத்த புடவையில் வந்திருந்தார்கள். களத்தை ஒட்டினாற்போல் கீழே அடுத்த போகமான நவரை நடவுக்குச் சேறு கலக்கிய கழனி. எதிர் வரப்பில் ஐசக் கேமராவை நிறுத்தினான். கையில் படம் பதியும் பிளேட் இரண்டே.

"போன வருஷம் மாதிரியே எடுத்துடு. என் மூஞ்சி நன்னா விழுந்திருந்தது" என்றார் வீரராகவன்.

"சரிங்க சார்" என்றான் ஐசக். அவன் அம்மா அவரைச் சாமி என்பாள். அவன் சார் என்பான். எட்டாவது வரை படித்ததில் அவனுக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த ஒரு சொல்தான்.

களத்தில் சுண்ணாம்பால் பிறை போல ஒரு கோடு போட்டான். நடுவில் நாற்காலி. இரண்டு கோடியிலும் கோடு நாற்காலிக்கு முன்னால் ஒன்றரை முழம் வந்திருந்தது. "எல்லாரும் கோட்டு மேல நில்லுங்க, நவுராதீங்க" என்றான். நின்றார்கள். துணிக்குள் போய்ப் பார்த்தான். தலைகீழாகப் பதினைந்து முகங்கள், பதினைந்தும் தெளிவு.

பிளேட்டைச் செருகினான். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் சூரியனை உரசியது. வானத்தைப் பார்த்து, மேகம் விலகியதும் லென்ஸ் மூடியைக் கழற்றி, எண்ணி, மூடினான். நிமிர்ந்து களத்தைப் பார்த்தான். சுண்ணாம்புக் கோடு போட்டது போட்டபடி முழுசாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு கால் கூட இல்லை. பதினாலு பேரும் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்கள்.

"ஏன் பின்னால போனீங்க?" என்று கத்தினான்.

அவர்களில் மூத்தவரான கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "சாமி உக்காந்துகினு கீறாரு. அவருக்கு முன்னால போயி எப்பிடிப்பா நிக்கறது? நான் நிக்கத்தான் பாத்தேன். காலு தானா பின்னால போயிடுச்சி."

ஐசக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. பிறந்தது முதல் பழக்கின கால்கள் அவை. சுண்ணாம்புக் கோட்டுக்கு அடங்குமா? நாற்காலியில் இருந்தவர் ஒரு வார்த்தை அதட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் காரியம் நடந்திருந்தது.

"ஆச்சா? எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நாழியாறது" என்றார் வீரராகவன்.

"இன்னும் ஒரு பிளேட் கீது சார். இது சரியா வரல."

"சீக்கிரம் முடி."

ஐசக் வரப்பிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டான். சிட்டம்மாள் சேற்றில் இறங்கிக் குறுக்கே நடந்து வந்தாள். அவளைக் கறுப்புத் துணிக்குள் விட்டான்.

"ஐயோ, சாமி தலகீயா தொங்கறாரு!" என்றாள் உள்ளேயிருந்து.

"அத்த வுடு. ஓரத்துல பாரு."

துணிக்குள் அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. "ஆளு கீது, மூஞ்சி இல்ல."

"கன்னியப்பண்ணே, ரெண்டு அடி முன்னால வாங்க" என்று கத்தினான் ஐசக். கன்னியப்பன் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி கூசிக்கூசி வந்தார்.

துணிக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. "டேய், அண்ணன் மூக்குல கீற மரு தெரியுதுடா!"

அவள் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மகனையும் பார்க்கவில்லை, வீரராகவனையும் பார்க்கவில்லை. கீழே சேற்றுக் கழனியைப் பார்த்தாள்.

"களத்துல நின்னாத்தான அவுருக்கு முன்னால நிக்கறதாவும்? கழனில நின்னா யாரு இன்னா சொல்றது? அது நம்ம எடம். சேத்துல ஊனுன காலு எங்க ஓடும்?"

ஐசக் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு துணிக்குள் பாய்ந்தான்.

அதன் பிறகு நடந்தது போட்டோ பிடிப்பதா நடவா என்று சொல்ல முடியாது. களத்தின் விளிம்புக்கு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னான் ஐசக். சிட்டம்மாள் நாற்றங்காலில் ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் நின்றாள். உள்ளேயிருந்து அவன் "இன்னும் முன்னால, இன்னும், ஆங் நில்லு!" என்று குரல் கொடுக்க, அவள் நின்ற இடத்தில் குனிந்து ஒரு நாற்றை ஊன்றினாள். ஆளுக்கொரு நாற்று. இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. கயிறு பிடித்து நேராக நட்டுப் பரிசு வாங்கிக் கொடுத்த கை, அன்று பிறை போல வளைத்து நட்டது. "எறங்குங்க. நாத்து ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கணும். முட்டிங்காலு வரிக்கும் ஊனுங்க" என்றாள். துவைத்த புடவைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். சேறு பிடித்துக்கொண்டது.

மேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் பள்ளத்தில் சேற்றில் நின்றவர்களுக்கும் தலைகள் ஒரே மட்டமாக வந்தன. வீரராகவன் இடமும் வலமும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் கழனியில் தன் ஆட்கள் நிற்பதில் என்ன குற்றம் சொல்வது? மேல்வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தார்.

ஐசக் கடைசிப் பிளேட்டைச் செருகினான். இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. மூடியைக் கழற்றினான்.

"ஒண்ணு... ரெண்டு..." மூடினான்.

கழுவிய படம் செவ்வாய்க்கிழமை காய்ந்தது. பதினைந்து முகங்கள். கன்னியப்பனின் மருவும், வீரராகவனின் திருமண்ணும், சிட்டம்மாளின் காதில் ஓலைச்சுருள் போட்ட துளையும் ஒரே தெளிவு. பின்னால் பனைமரங்கள் எல்லாம் சுழன்று அந்தப் பதினைந்து பேரையும் ஒரே வளையமாகக் கட்டியிருந்தன. இதைப் புதுக் கேமரா எதுவும் கொடுக்காது. ஐசக் அந்தப் பித்தளைக் குழலைக் கழற்றி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு முத்தம் கொடுத்தான்.

படத்தை வாங்க வந்த வீரராகவன் அதை வெகுநேரம் பார்த்தார். முதலில் தன் முகம். பிறகு மற்ற முகங்கள், ஒவ்வொன்றாக. அதன் பிறகே அட்டையின் கீழே பார்த்தார்.

"என்னப்பா இது? எல்லார் பேரும் எழுதியிருக்கே?"

"மூஞ்சி தெரியுதே சார். பேரில்லாம எப்படி வுடறது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "படம் நன்னா வந்திருக்கு" என்றார் மெல்ல. "கூடத்திலே மாட்டறேன்." மாட்டவும் செய்தார் என்று பின்னால் தெரிந்தது.

இன்னொரு பிரதியை ஐசக் அம்மாவிடம் கொடுத்தான். அவள் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் முகத்தை ஒரு தரம்தான் பார்த்தாள். மற்றவர்கள் முகத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கீழே இருந்த எழுத்தைக் காட்டி, "இன்னா போட்டுகீற, படி" என்றாள்.

"உட்கார்ந்திருப்பவர் ஸ்ரீமான் வீரராகவன். நிற்பவர்கள், இடமிருந்து வலமாக: கன்னியப்பன், முனியம்மாள், பச்சமுத்து, செல்லம்மாள்..." ஐசக் பதினாலு பெயரையும் படித்தான். சிட்டம்மாள் என்று படிக்கும்போது மட்டும் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினான்.

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா படி" என்றாள். "அவசரப்படாம படி."