கெர்ட்ரூட் உதறிய சட்டை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. காற்றாடிச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. ஈப்போவில், குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் பாஸ்கல், கெர்ட்ரூட் கதையைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், தப்பில்லை.

பீடோர் பக்கம் தாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றதும் புருஷனும் பெண்டாட்டியும் ஈப்போவுக்கு வந்தார்கள். லோரிக்கு பிரேக் கட்டை செய்கிற தொழிற்சாலையில் பாஸ்கலுக்கு வேலை. அதில் கலக்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசி சட்டையெல்லாம் சாம்பல் மாதிரி படிந்திருக்கும். சூப்பர்வைசர் சீனி அப்போதே சொன்னார்: “அண்ணே, இந்தத் தூசி வீட்டுக்குப் போகக் கூடாது லா. சட்டையைக் கூடையில போட்டுட்டுப் போங்க, கம்பெனி துவைச்சுக்கும்.”

பாஸ்கல் கேட்கவில்லை. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிவிட்டு வரும் புருஷன் சட்டையை வேறு கை துவைத்தால், தோட்டத்தில் பெண்டாட்டியைத்தான் ஏசுவார்கள். அந்தப் பழக்கம் டவுனுக்கு வந்தும் போகவில்லை. சீனி சொன்னதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. கெர்ட்ரூட் பின்வாசலில் நின்று சட்டையைப் படபடவென்று உதறி, பிறகுதான் ஊறவைப்பாள். தொழிற்சாலை மூடும்வரை இதே கதைதான்.

சில வருஷத்துக்கு முன்னால், அங்கே வேலை செய்தவர்களுக்கு இனிமேல் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்க ஒரு கிளினிக்கில் கூப்பிட்டார்கள். துணைக்குத்தான் போனாள் கெர்ட்ரூட். டாக்டர் தினேஸ்வரி எத்தனை வருஷம் வேலை, எந்தப் பகுதி, சிகரெட் உண்டா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், “சட்டைய யார் துவைச்சா?” என்றார்.

“நான்தான் டாக்டர்!” கெர்ட்ரூட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு நாள்கூட வெளிய குடுத்ததில்ல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படின்னா உங்களையும் பாக்கணும்மா.”

“என்னா டாக்டர், வேலை செஞ்சது நானு. இவளுக்கு என்னா?” பாஸ்கல் குறுக்கே பேசினார்.

உதறும்போது மூச்சில் போன தூசி உள்ளேயே தங்கிவிடும், முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட நோய் காட்டலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “இவங்கள மாதிரி நூறு பேர் இருந்தா, ரொம்பப் பேருக்கு ஒண்ணும் வராது. சில பேருக்கு வரலாம்.”

“அந்த நூறுல நான் எந்த ஆளு டாக்டர்?”

“அதை எந்தக் கணக்காலயும் சொல்ல முடியாதும்மா.”

காரில் ஏறியும் பாஸ்கல் சாவியைத் திருகவில்லை. “சீனி சொன்னான் கெர்ட்ரூட். தூசி வீட்டுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னான். நான்தான் உன்கிட்ட சொல்லல.”

“சொல்லியிருந்தா உதறாமயாவது துவைச்சிருப்பேனே,” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பாஸ்கல் சிகரெட்டை விட்டுவிட்டார். வருஷா வருஷம் இரண்டு பேரும் சோதனைக்குப் போகிறார்கள். இதுவரை கெர்ட்ரூட்டுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுப்படியில் அவள் இருமினால் போதும், மனுஷன் ஓடி வந்து நிற்கிறார்.

“சம்பால் வதக்குறேன், மிளகாய் நெடி! போங்க அந்தப் பக்கம்!”

போகமாட்டார். இருமல் அடங்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பார்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டில் எல்லோரும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், என் செல்லங்களே. ஆண்டவர் காப்பாற்றட்டும்.