பாத்து எறங்கு புள்ள

எங்கள் படத்துக்கு நடுவும் கிடையாது, முடிவும் கிடையாது. தொடக்கம் மட்டும்தான். என்னோடு காலேஜில் படிக்கும் கருணாகரனின் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சின்ன கேமராவும் மூன்று நிமிடம் ஓடும் ஒரே ஒரு ஃபிலிம் சுருளும்தான் எங்கள் சொத்து. அதை வைத்து வேறென்னத்தைக் கிழிக்க முடியும்?

காலேஜ் விழாவுக்குப் பொய்யாக ஒரு செய்திப்படம் எடுக்கலாம் என்றது நான்தான். தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடுவார்களே, அணையைத் திறந்தார், ரிப்பனை வெட்டினார் என்று, அதே கனத்த குரலில். சிலோனிலிருந்து வந்த கூலிக்காரருக்குக் குன்னூர் ஸ்டேஷனில் மாபெரும் வரவேற்பு. 'கடல் கடந்து வந்த பெருந்தகையைக் காண மலையே திரண்டது' என்று நான் திரைக்குப் பக்கத்தில் நின்று முழங்குவேன். திரையில் இரண்டு ஆடு நிற்கும். எழுதும்போதே சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாங்கள் நிஜமாக வந்து இறங்கிய அன்று நல்ல மழை. "சிலோன்காரங்களா? அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு.

பெருந்தகையாக நடிக்க என் அப்பா தங்கையாவையே பிடித்தேன். பிடித்துவிட்டுப் பயந்தேன். அக்கா ஆண்டாயிக்கு அங்கேயே பிரஜாவுரிமை என்று எழுதிவிட்டார்கள், எங்களுக்கு இந்தியா. பின்னாலேயே வந்து சேர்கிறேன் என்றவளிடமிருந்து, போன வருஷம் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அவள் பெயரை எடுத்தாலே அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அதனால் யாரும் எடுப்பதில்லை. ரயிலடிக்குக் கூட்டிப்போய் அந்தப் புண்ணைக் கிளறிவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"வெளையாட்டுத்தானே புள்ள, செஞ்சிருவோம்" என்றார் அப்பா.

ஸ்டேஷனில் ரயில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். கூடப் படிக்கும் இசக்கி தப்பு மேளம் அடித்தான். தோழி பேச்சியம்மா செவ்வந்தி மாலையோடு நின்றாள். இரவல் கோட்டில் அப்பா காலி ரயில் பெட்டியிலிருந்து மிடுக்காக இறங்கினார். மாலை விழுந்தது. இனி அவர் கைகூப்பியபடி கேமராவைப் பார்த்து நடக்க வேண்டும்.

நடக்கவில்லை. திரும்பி, பெட்டிக் கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

"பாத்து எறங்கு புள்ள, படி ஒசரம். ஆண்டாயி, கையப் புடிச்சுக்க."

தப்புச் சத்தம் நின்றுபோனது. கருணாகரன் என்னைப் பார்த்தான். "டைரக்டரம்மா, நிறுத்தட்டுமா? ஃபிலிம் ஓடீட்டு இருக்குது."

"வாய மூடிட்டு ஓட்டுடா" என்று எரிந்து விழுந்தேன். நீட்டிய கை அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. பக்கத்துக் கதவு வழியாக உள்ளே ஏறி, அந்தக் கதவுக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அதோடு சுருள் தீர்ந்தது.

விழாவில் பரிசு கிடைக்கவில்லை. "டைரக்டரே படத்துக்குள்ள வந்துட்டா எப்படிம்மா? கேலின்னா கடைசி வரைக்கும் கேலியா இருக்கணும்" என்றார் நடுவராக இருந்த ஹெர்பர்ட் சார். சரிதான். ஆனால் அந்த இடத்தை வெட்டு என்று யார் சொன்னாலும் வெட்ட மாட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஆடுகளைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா கையை நீட்டும் இடம் வந்தது. நான் வாசிப்பதை நிறுத்தினேன். இருட்டில் முதலில் வாய்விட்டவள் பக்கத்து வீட்டுச் சின்னம்மை.

"தம்பி, எறங்குடா."

பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, மெதுவா" என்றார். அப்புறம் ஆளாளுக்கு, அங்கே விட்டுவிட்டு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூப்பிட்டார், எல்லாரையும்விடச் சத்தமாக. திரையில் இறங்கியது நான்தான். ஆனாலும் ஒருவரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை.

"இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றார் அப்பா, கருணாகரனிடம்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா தானாகவே அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அவள் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே தட்டில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டார்.