தானாகத் திறக்கும் கூரை

சுகுமாரன் ஏணியில் ஏறி நின்று, கொல்லைக் கொட்டகையின் மூலைக் கம்பத்தில் பெரிய விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். கம்பத்தின் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி பளபளத்தது. அதை விரலால் தட்டிப் பார்த்தான்.

“அக்கா, இத அவுத்துரவா? இடஞ்சலா இருக்குலா.”

“அதத் தொடாத. அவரு வச்சது,” என்றாள் கத்தரின்.

“சரி, அதுக்குக் கீழயே கட்டிடுறேன். சாப்பாட்டு மேசைய இந்தப் பக்கந்தான் போடணும், வேற எடமில்ல.”

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கொல்லையில் ஒரு விளக்கு எரிந்ததில்லை. அவள் புருஷன் பாஸ்கல் எரிய விட்டதில்லை. காய்ந்த துணியை எடுக்கப் போனாலும் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைத்தான் எடுத்துப் போக வேண்டும். சமையலறைக் கதவு ஒரு சாண் திறந்துவிட்டால் போதும், “கதவ சாத்து, வெளிச்சம் படக்கூடாது” என்று கொட்டகைக்குள்ளிருந்து அதட்டல் வரும். பக்கத்து வீட்டுச் சுகுமாரனுக்குத் தொழிலே கூடாரமும் விளக்கும் வாடகைக்கு விடுவது. புது விளக்கு வாங்கினால் தன் வீட்டு வாசலில் போட்டுப் பார்ப்பான். மறுநிமிடம் வேலிக்கு இந்தப் பக்கம் பாஸ்கல் கைலியோடு நிற்பார். இரண்டு பேரும் எத்தனை தடவை முட்டிக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. இப்போது பாஸ்கல் கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். சுகுமாரன் இஷ்டத்துக்கு விளக்குக் கட்டலாம்.

“கட்டு தம்பி. நல்லா வெளிச்சமா கட்டு,” என்றாள்.

பாஸ்கல் பத்து காஜா ஊருக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இந்த நிலத்தை வாங்கினார். வீட்டுக்கு நல்ல இடம் என்று கத்தரின் நினைத்தாள். நல்ல இருட்டு என்று அவர் நினைத்தார். வீடு எழும்பிய அடுத்த வருடமே கொல்லையில் எட்டடிக்குப் பத்தடியில் கொட்டகையும் எழும்பிவிட்டது. அதன் கூரை மொத்தமும் தண்டவாளத்தில் ஒருபக்கமாக நகரும். பழைய தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் சக்கரங்களைத்தான் கழற்றி வந்து மாட்டியிருந்தார். உள்ளே ஆள் உயரத்துக்குத் தொலைநோக்கி. வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரங்கள் சிலவற்றை இரவெல்லாம் படம் பிடித்து வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அனுப்புவார். வானம் தெளிந்தால் கொட்டகை, மழை பெய்தால் வீடு. மழைக்குக் கத்தரின் அளவுக்கு நன்றி சொன்ன பெண் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள். “நான் செத்துக் கெடந்தாலும் மேகம் வந்தாத்தான் உள்ள வந்து பாப்பீங்களோ?”

பாஸ்கல் மறுநாள் ஈப்போவுக்குப் போய், கேட்டைத் தானாகத் திறந்து மூடுகிற மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். கூரையில் பூட்டப் போகிறாராம். அதோடு ஒரு சின்னக் கணினி, மழையைக் காட்டும் கருவி, இன்னும் என்னென்னவோ வயர்கள். “இருட்டுனா தானா தெறக்கும். மழ வந்தா மூடிக்கும். விடிஞ்சா மூடிக்கும். நான் உள்ள படுத்திருக்கலாம்,” என்றார். அந்தக் கொட்டகைப் பக்கமே இனி வரமாட்டேன் என்று கத்தரின் அன்றைக்குச் சபதம் போட்டிருந்தாள். அதனால் எதையும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்தில் நாலு தடவை “முடிஞ்சிருச்சு” என்றார். நாலு தடவையும் கூரை பாதியில் நின்றுகொண்டது. கொட்டுகிற மழையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கையால் தள்ளினார். ஐந்தாவது தடவை, பதினோரு நாளைக்கு முன்னால், ஒன்றும் சொல்லாமல் பத்து மணிக்கு வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் படுத்தார்.

“என்ன, மேகமா?”

“இல்ல. நல்லா தெளிஞ்சிருக்கு. அது வேலய அது பாக்குது.”

அப்படிப் பதினோரு ராத்திரி. முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் சேர்ந்தாற்போலப் பதினோரு தெளிந்த ராத்திரி அவர் பக்கத்தில் படுத்தது அதுதான் முதல் தடவை. தினமும் எட்டு மணிக்குக் கொல்லைக்குப் போகும்போது, “வந்து ஒரு தடவ பாரேன், தானா தெறக்குறத,” என்பார். “எனக்கு நாடகம் போயிரும்,” என்பாள் கத்தரின். பத்து மணிக்கு மூட்டுவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. தூக்கம் வருகிறவரைக்கும் முதுகில் அவர் சூடு இருக்கும். அது போதும் என்று இருந்தது.

இன்று காலை ஏழேகாலுக்கு எழுந்தபோது பக்கத்தில் ஆளில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. படிக்குக் கீழே, காலில் செருப்போடு, ஒருக்களித்துக் கிடந்தார். கொட்டகைக் கூரை மூடியிருந்தது. கைலியெல்லாம் பனி. அவர் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்து போயிருந்ததா, பனியில் நனைந்திருந்ததா? அந்த ஒன்று மட்டும் எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை.

ஷா ஆலமிலிருந்து மகள் மிஷெல் வந்து, ஆஸ்பத்திரிக் காரியங்களையெல்லாம் பார்த்தாள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

“எத்தன மணிக்குனு கேட்டியா?”

“அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? டாடி கஷ்டப்படல. அது போதும்லா.”

போதாது. கொட்டகை தானாக வேலை செய்தது என்றால் அவர் விடியும்வரை பக்கத்தில் படுத்திருந்தார், விடிந்ததும் சும்மா எட்டிப் பார்க்கப் போனார். வேலை செய்யவில்லை என்றால், அவள் தூங்கினதும் எழுந்து போய்ப் பழையபடி ராத்திரியெல்லாம் வெளியில் இருந்திருக்கிறார். அப்படியானால் எப்போது விழுந்தார்? பன்னிரண்டுக்கா, இரண்டுக்கா? பத்தடி தூரத்தில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, எத்தனை நேரம் தனியாகக் கிடந்தார்?

சுகுமாரன் ஏணியை விட்டு இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“சண்ட போட்டாலும் நல்ல மனுசன்க்கா. காலைல லோரி எடுக்கறப்ப தெனமும் பாப்பேன், கைலியோட இங்கதான் நிப்பாரு. கூரையத் தடவிக்கிட்டு.”

“எத்தன மணிக்கு?”

“ஆறே முக்கா, ஏழு இருக்கும். ராத்திரி பூரா இங்கதான் போலனு நெனச்சுக்குவேன்.”

“இன்னிக்கிப் பாத்தியா?”

“இன்னிக்கி லோரி எடுக்கலக்கா. டயர் போச்சு, ஒரே சுசா, பெரிய தொல்ல.”

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. ஏழரைக்கு ஜெபமாலை தொடங்கியது. எட்டு அடிக்கும்போது, நாலாவது தேவரகசியத்தின் நடுவில், கத்தரின் எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று வழி விட்டார்கள். அவள் ஜன்னலருகே போய் நின்றாள்.

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. சுகுமாரனின் விளக்கு கொல்லையைக் கல்யாண வீடாக்கியிருந்தது. மேசைகளில் மீகூன் சேமியாவும் கறியும் மூடி வைத்திருந்தார்கள். கொட்டகைக் கூரையின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. எட்டு மணி ஆயிற்று. எட்டேகால். கூரை அசையவில்லை. எட்டரைக்குக் கூடத்தில் பாட்டு முடிந்து, ஆட்கள் சாப்பிட வெளியே வந்தார்கள். அப்போதும் அது அசையவில்லை.

ஆக, பொய்.

அவர் பொய் சொன்னது அவளுக்கு வலிக்கவில்லை. அவளுக்காகத்தான் சொல்லியிருக்கிறார், அதுகூட ஒரு பிரியம்தான். ஆனால் அந்தப் பதினோரு ராத்திரியும் கையை விட்டுப் போய்விட்டது. வெறும் கட்டிலில் மாத்திரை போட்டுத் தூங்கியிருக்கிறாள். அவரோ படிக்குக் கீழே கிடந்திருக்கிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். யாரோ வந்து, சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் மாலை கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். மிஷெல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கத்தரின் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “இப்படி அழுவாம இருக்காங்களே,” என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அழுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருந்தது. தெரிந்தும் போயிற்று. அதற்குப் பிறகு அழுகை எங்கே போய் அடைத்துக்கொண்டதென்று அவளுக்கே புரியவில்லை.

திரும்பி வந்து குளித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். மிஷெல் தட்டுகளை அடுக்கிக்கொண்டே மெல்லப் பேச்செடுத்தாள்.

“மா, இங்க தனியா வேணாம். எங்கூட வந்துருங்க. டாடியோட டெலஸ்கோப்ப அவங்க கிளப் ஆளுங்க கேட்டாங்க, எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துட்டுப் போகட்டும். டெலஸ்கோப்ப மட்டும் எடுக்கச் சொல்லு. அந்த மோட்டாரு எதுக்கும் ஆகாது. அது வேல செய்யாது.”

கொல்லையில் சுகுமாரனின் ஆட்கள் மேசைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் நாளைக்கு ஒரு கல்யாணமாம். கத்தரின் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, படியில் உட்கார்ந்தாள். அவர் கிடந்த இடத்துக்கு நேர் மேலே. செருப்பை யாரோ ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து போயிருந்தது.

“அக்கா, லைட்ட அவுக்குறேன். இருட்டாயிரும், உள்ள போய்க்குங்க.”

“நீ அவு. நான் இருக்கேன்.”

விளக்கு அணைந்தது. கொல்லை மொத்தமும் கறுத்தது. சிறிது நேரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுகுமாரன் தட்டுத் தடுமாறி வயரைச் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் செம்பனைகளின் தலை தெரிந்தது. அதற்கு மேலே ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள். லோரியின் பின்கதவைப் பூட்டினார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

கொட்டகைக்குள் டக் என்று ஒரு சத்தம். பிறகு, வீட்டுக் கேட்டு திறக்கும்போது கேட்குமே, அந்த உறுமல். பழைய சக்கரங்கள் தண்டவாளத்தில் முனகின. கூரை நகர்ந்தது.

சுகுமாரன் வயர்ச் சுருளைக் கீழே போட்டான். “அக்கா! உள்ள யாரு?”

கத்தரின் எழுந்து நின்றிருந்தாள். கம்பத்து உச்சியில் இருந்த அந்தக் கண்ணாடிப் பொத்தானைப் பார்த்தாள். இருட்டுனா தானா தெறக்கும் என்றாரே. நேற்று ராத்திரி பூரா அதற்குக் கீழேயே விளக்கை எரியவிட்டு, ராத்திரியைப் பகலாக்கி வைத்திருந்தார்கள். நல்லா வெளிச்சமா கட்டு என்று சொன்னதும் அவளேதான்.

“யாருமில்ல தம்பி,” என்றாள். “யாருமே வேணாம் அதுக்கு. தானா தெறக்கும்.”

கூரை கடைசிவரை போய் நின்றது. உள்ளே தொலைநோக்கி மெல்லத் திரும்பி, எதையோ கண்டுகொண்டதுபோல ஓரிடத்தில் நின்றது. சுகுமாரன் நெஞ்சில் கை வைத்தபடி சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, முன்விளக்கைப் போடாமலே லோரியை ரோடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான்.

சமையலறைக் கதவு திறந்து, கொல்லையில் வெளிச்சம் நீளமாக விழுந்தது.

“மா, இருட்டுல என்ன பண்றீங்க?”

“கதவ சாத்து,” என்றாள் கத்தரின். “வெளிச்சம் படக்கூடாது.”

மிஷெல் கூரை திறந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். கத்தரின் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இத யாரும்மா மூடுறது?” என்று வெகுநேரம் கழித்து மிஷெல் கேட்டாள்.

“விடிஞ்சா அதுவே மூடிக்கும்.”

பத்து மணிக்கு மாத்திரையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, டப்பாவிலேயே போட்டு மூடினாள். கொல்லைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். கட்டிலில் எப்போதும் படுக்கும் ஓரத்திலேயே, சுவரைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் இடம் விட்டுப் படுத்தாள்.