தேசிங்கு கை மாறுகிறான்

மயிலாப்பூரில் அந்த மைதானத்தைச் சுற்றி நான்கு மதில்கள் இருந்தாலும், உட்காரத் தகுந்தது மேற்கு மதில் ஒன்றுதான். கிழக்கு மதிலில் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், பந்து தெரியாது. வடக்கு மதில் நெடுகக் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். தெற்கு மதிலை ஒட்டிச் சாக்கடை ஓடுகிறது. மேற்கு மதிலில் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், வேப்பமரம் தலைக்கு மேல் நிற்கும், கடலைக்காரர் காலடியில் வந்து மணியடிப்பார். இதையெல்லாம் சோதித்துப் பார்த்த பிறகுதான் வேதாந்தம் அங்கே உட்கார்ந்தார். அது நடந்து இருபது வருஷம் ஆகிறது.

வேதாந்தம் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். மந்தைவெளி மித்ர மண்டலி கிரிக்கெட் கிளப்பின் ரசிகர். அந்தக் கிளப்புக்கு அவரைத் தவிர இன்னொரு ரசிகரும் உண்டு: ராயப்பேட்டையில் ஸ்கூட்டருக்கு சீட் கவர் தைக்கும் மெஹபூப் அலி. மித்ர மண்டலி மூன்றாவது டிவிஷனில், அதன் அடிவிளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் கடைசி மேட்ச் மழையில் கரைந்துபோனதால் மட்டுமே தப்பியது. நாலாவது டிவிஷனுக்கு விழுந்துவிட்டால் மேட்ச் எல்லாம் ஆவடிப் பக்கம் நடக்கும். ஆவடியில் மதில் கிடையாது என்று கேள்வி. ஆகவே, மித்ர மண்டலி விழுந்தால் வேதாந்தமும் மதிலிலிருந்து விழுந்த மாதிரிதான்.

விழாமல் தாங்கிப் பிடிக்க இருந்தது ஒரே ஒரு வேகப்பந்து வீச்சாளர். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பாஞ்சாலியின் மகன் தேசிங்கு.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதத்தில் மெஹபூப் அலி மூச்சு வாங்க மதிலுக்கு வந்தார்.

"சாமி, மோசம் போய்ட்டோம். தேசிங்கு கை மாறுறானாம்."

"யாரு சொன்னா?"

"நம்ம கேப்டனே சொல்லிச்சு. சீட் கவர் மாத்த கடைக்கு வந்துது. நான் ஆணி அடிச்சிக்கினே கேட்டேன், தேசிங்கு எப்டி கீறான்னு. 'இந்த வருஷம் கை மாறுறான், பாய்'ன்னுச்சு. அப்புறம் இன்னாமோ சொல்லிச்சு, சுத்தியல் சத்தத்துல காதுல வுயல."

வதந்தி வேலை செய்யும் விதம் மிக எளிது. ஒரு செய்தியில் யார், என்ன என்பது இருக்கும். எங்கே, ஏன் என்பது காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைக் கேட்கிறவர்தான் நிரப்புகிறார். நிரப்பிய பிறகு, அதையும் சேர்த்தே தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறார். வேதாந்தம் கண்ணை மூடினார். கண் திறப்பதற்குள் காலி இடம் நிரம்பிவிட்டது.

"தென்றல் பெயிண்ட்ஸ்! வேற யாரு? அடையாறுக்காரா தூக்கிண்டு போகப் பார்க்கறா."

தென்றல் பெயிண்ட்ஸ் ஒரு கம்பெனி டீம். ஆட வருகிறவருக்கு வேலையும் கொடுப்பார்கள். அதன் ரசிகர் சாய்நாத் அதே மதிலில்தான், இரண்டு முழம் தள்ளி, உட்கார்ந்திருந்தார். தியாகராய நகரில் டுட்டோரியல் வாத்தியார். தங்கள் டீமுக்கு வாய்த்தது கண்ணாடிச் சில்லு வடக்கு மதில் என்பதால் இங்கே அகதியாக இருப்பவர்.

"எங்க டீமுக்கு தேசிங்கா?" என்று சிரித்தார் சாய்நாத். "மாமா, அவன் ஒரு சீசன்ல எடுக்கற விக்கெட்டை விட பாய் ஒரு நாள்ல மாத்தற சீட் கவர் ஜாஸ்தி."

"விக்கெட்டைப் பார்க்காதே. பொட்டென்ஷியலைப் பாரு."

"இருபது வருஷமா உங்க டீம்ல எல்லாருக்கும் பொட்டென்ஷியல். ரன் அடிக்கறதுக்குத்தான் ஆளில்லை."

"அவன் ஓடி வரதைப் பார்த்திருக்கியோ? சைட் ஸ்க்ரீன்லேர்ந்து கிளம்பினா, கடலைக்காரர் ரெண்டு பொட்டலம் மடிச்சுடுவார்."

"ஓடி வரது நன்னாத்தான் இருக்கு மாமா. வந்தப்புறம் பந்தையும் போடணுமே!"

பொட்டென்ஷியல் என்ற சொல்லை வேதாந்தம் கைவிட மாட்டார். ஏனென்றால் அது ஸ்கோர் போர்டில் ஏறாது. ஏறாத ஒன்றை யாரும் தோற்கடிக்க முடியாது.

லீக்கில் ஆள் மாறுவதற்கு ஒரு விதி இருந்தது. ஜூனில் குறித்த சில நாட்களுக்குள் ஆட்டக்காரர் நேரில் லீக் ஆபீஸுக்குப் போய்ப் புதிய கிளப்பின் பேரில் கையெழுத்துப் போட வேண்டும். தகப்பனாரை அனுப்ப முடியாது, தபாலில் அனுப்ப முடியாது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் கதவு சாத்தப்படும். அதற்குள் கையெழுத்துப் போடாதவர் பழைய கிளப்பிலேயே தொடர்வார்.

வேதாந்தம் இந்த விதியை மனதில் உருட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட கை வேண்டும். கை, ஆளோடு ஒட்டியிருக்கிறது. ஆளை ஐந்து மணிவரை வேறு எங்காவது வைத்திருந்தால் போதும்.

"கடத்தறதா சாமி?" என்றார் மெஹபூப் அலி.

"சீச்சீ. கோவிலுக்கு அழைச்சிண்டு போறதுக்குப் பேர் கடத்தலா?"

கடைசி நாள் காலையில் நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில், பாஞ்சாலியின் மீன் கூடைக்கு நாலடி தள்ளி மூக்கைப் பிடித்துக்கொண்டு வேதாந்தம் நின்றார். தேசிங்கின் பேரில் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டிருப்பதாகவும், பேருக்கு உரியவன் நேரில் வராவிட்டால் வேண்டுதல் செல்லாது என்றும் சொன்னார்.

"போய்ட்டு வாடா. பெரியவரு உனுக்கோசரம் வேண்டிகினு கீறாரு," என்றாள் பாஞ்சாலி. "அப்டியே பொண்ணு கெடைக்கணும்னும் கேட்டுக்க."

மெஹபூப் அலியின் ஸ்கூட்டரில் மூன்று பேர் ஏறினார்கள். ஓட்டுகிறவர் மெஹபூப் அலி, பின்னால் வேதாந்தம், நடுவில் தேசிங்கு. நடுவில் உட்கார்ந்தவர் குதித்து ஓட முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நுட்பம். ஆனால் தேசிங்கு ஆறடி. ஆகவே முன்னால் இருப்பவருக்கு ஹேண்டில் பார் வயிற்றில் குத்தியது. பின்னால் இருப்பவருக்கு சீட் இல்லை, ஸ்டெப்னிதான் இருந்தது. கிண்டி தாண்டும்போது வேதாந்தம் முக்கால்வாசி நம்பிக்கையிலும் கால்வாசி ஸ்டெப்னியிலும் உட்கார்ந்திருந்தார்.

நங்கநல்லூரில் செருப்பு விடும் இடத்தில் மெஹபூப் அலி நின்றுகொண்டார். அவர் சும்மா நிற்பதைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாரும் தங்கள் செருப்பையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

வடைமாலைக்குப் போடும் வடை, வீட்டில் சாம்பாரில் ஊறும் வடை இல்லை. தட்டையாக, மிளகு போட்டு, மொறுமொறுவென்று, கயிற்றில் கோக்க நடுவில் ஓட்டையோடு இருக்கும். மென்றால் காதுக்குள் சத்தம் கேட்கும். ஒருவரை நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார வைப்பதற்கு இதைவிட நல்ல பண்டம் இல்லை. அதையும் வேதாந்தம் யோசித்து வைத்திருந்தார். அர்ச்சனை முடிந்து, உச்சிக்காலம் கழிந்து, பிராகாரத்தில் கால் நீட்டிப் படுத்து, மறுபடி சாயங்கால நடை திறந்து தரிசனம் முடித்து வெளியே வந்தபோது மணி நாலு. பிரசாத வடையை நீட்டினார். தேசிங்கு இடது கையை நீட்டினான்.

"டேய்! பீச்சாங்கையிலயா பிரசாதம் வாங்குவா? வலது கையை நீட்டு!"

"முடியாது மாமா. நீட்னாலே வலிக்குது, தோளுக்கு மேல தூக்கவே வர்ல."

"என்னடா சொல்றே?"

"பொங்கல் அன்னிக்கு படகு இஸ்துக்கினு இருக்கசொல்லோ புட்சிக்கிச்சு. சோத்தாங்கையால இனிமே பந்து போட முடியாதுன்ட்டாரு டாக்டரு. அதான் கை மாறிக்கினு கீறேன். கேப்டனுக்குக் கூடத் தெரியுமே!"

வேதாந்தத்தின் கையிலிருந்த வடை நழுவிக் காகிதத்திலேயே விழுந்தது, நல்லவேளை.

"கை மாறறதுன்னா... இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கா?"

"வேற எங்க மாமா மாறுவாங்க? நான் பொறந்ததே பீச்சாங்கைக்காரன். எங்கம்மா கைமேல போட்டுப் போட்டு சோத்தாங்கைக்கு மாத்திச்சு. இப்ப திரும்பி வந்துக்கினு கீறேன்."

"அப்போ தென்றல் பெயிண்ட்ஸ்?"

"அது யாரு?"

மெஹபூப் அலி செருப்புக் குவியலுக்கு நடுவில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். யாருமே கேட்காத ஒருவனை, யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று, ஸ்டெப்னியில் உட்கார்ந்து கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

"போட்டுக் காட்டட்டா?" என்றான் தேசிங்கு.

ஸ்கூட்டர் டிக்கியில் ரெக்ஸின் துணுக்குகள் இருந்தன. மெஹபூப் அலி அவற்றைச் சுருட்டி, சீட் தைக்கும் நூலால் இறுக்கி ஒரு பந்து செய்தார். சுருட்டியதில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் துணி தெரிய சொரசொரப்பாகவும் அமைந்துவிட்டது. பந்து காற்றில் வளைய அதுதான் வேண்டும்: வழவழப்பான பக்கம் காற்றைச் சுலபமாகக் கிழிக்கும், சொரசொரப்பான பக்கம் இழுபடும், பந்து இழுபடும் பக்கம் திரும்பும். நான்கு செருப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி ஸ்டம்ப் ஆக்கினார்கள்.

தேசிங்கு தேங்காய்க் கடையிலிருந்து ஓடி வந்தான். இடது கை சுழன்றது. பந்து பூக்காரப் பெண்மணியை நோக்கிக் கிளம்பி, அவர் வாயைத் திறப்பதற்குள் மனதை மாற்றிக்கொண்டு உள்ளே வளைந்து, அடியிலிருந்த ஹவாய் செருப்பை மட்டும் உருவிக்கொண்டு போயிற்று.

"பாய்," என்றார் வேதாந்தம். "பொட்டென்ஷியல்."

அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளை கான்டெஸா கார் வந்து நின்றது. அதற்கும் காரணம் உண்டு. கையெழுத்துக்குக் கடைசி நாளில் மேற்கு மதில் காலியாக இருப்பதை சாய்நாத் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. உடனே வேதாந்தம் வீட்டுக்கு ஃபோன் செய்தார். வேதாந்தத்தின் மனைவி கோமளம், "அவர் ஆத்துல இல்லையே. அந்தப் பந்து போடற பிள்ளையாண்டானோட நங்கநல்லூர் போயிருக்கார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் வருவார்," என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அஞ்சு மணிக்கு மேல்! ஒளித்து வைக்கிற அளவுக்கு இருக்கிறான் என்றால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனிடம் இருக்கிறது. சாய்நாத் தென்றல் பெயிண்ட்ஸ் செக்ரெட்டரியிடம் ஓடினார். காலையில் தேசிங்கை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் அவனுக்காகக் கார் வந்துவிட்டது.

செக்ரெட்டரி இறங்கி நேராக தேசிங்கிடம் வந்தார். "தம்பி, ஏறு வண்டில. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டாகணும்."

வேதாந்தம் குறுக்கே நின்றார். ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும், கார் திரும்பிப் போய்விடும். தேசிங்கு மித்ர மண்டலியிலேயே இருப்பான், அந்த வளைகிற பந்தோடு. மதில் பிழைக்கும்.

"சார், ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்கோ. இவன் கை மாறறான்."

"தெரியும் சார். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அது இல்லை சார். கை! கை மாறறான்!"

"ஆமா சார், கை மாறுறான். இன்னும் அரை மணியில எங்க கைக்கு." செக்ரெட்டரி தேசிங்கின் தோளில் கை போட்டார். "எங்க ஃபேக்டரில வேலை, தம்பி. மாசச் சம்பளம். கலர் கலக்கற செக்ஷன். மழையோ புயலோ, வேலை உண்டு."

தேசிங்கு வேதாந்தத்தைப் பார்த்தான். படகு இழுக்க முடியாத கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை சொல்ல வேதாந்தத்திடம் வேறு சொற்கள் தயாராக இருந்தன. வலது தோள் போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். மெஹபூப் அலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதாந்தம் காகிதத்திலிருந்து ஒரு வடையை எடுத்துத் திறந்த வாயில் வைத்துக்கொண்டார். முழு வடை. வாயில் பண்டம் இருக்கும்போது பேசக் கூடாது என்பது கோமளம் போட்ட சட்டம். அந்த வடையோ சீக்கிரம் கரைகிற ஜாதி இல்லை.

தேசிங்கு கார் ஜன்னலிலிருந்து கை ஆட்டினான். இடது கை. செக்ரெட்டரி அதைக் கவனிக்கவில்லை.

"நான் சொன்னேனோ இல்லையோ, பாய்?" என்றார் வேதாந்தம், மென்று முடித்த பிறகு.

"ரெண்டு வாட்டி சொன்னீங்க சாமி," என்றார் மெஹபூப் அலி. "செருப்புக்காரங்க நிக்கிறாங்க, கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

ஜூலையில் மித்ர மண்டலிக்கும் தென்றல் பெயிண்ட்ஸுக்கும் மேட்ச். மேற்கு மதிலில் மூன்று பேரும் இருந்தார்கள். தேசிங்கு சைட் ஸ்க்ரீனிலிருந்து கிளம்பினான், கடலைக்காரர் ஒரு பொட்டலம் மடித்தார், இரண்டாவதற்குக் காகிதம் எடுத்தார். இடது கை சுழன்றது.

"ஐயையோ!" என்று சாய்நாத் மதிலில் எழுந்து நின்றுவிட்டார். "மாமா, தப்புக் கையில போடறான்!"

"சொன்னேனே, கை மாறறான்னு. உங்க செக்ரெட்டரி தெரியும்னாரே."

முதல் பந்து விக்கெட் கீப்பர் தலைக்கு மேல் பறந்து நாலு ரன். சாய்நாத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது பந்து ஸ்லிப்பை நோக்கிக் கிளம்பி உள்ளே வளைந்தது. மித்ர மண்டலி கேப்டனின் நடு ஸ்டம்ப் படுத்துக்கொண்டது. வேதாந்தம் கை தட்டினார். எதிரி விக்கெட்டுக்குத் தட்டுகிற பலத்தோடு தட்டிவிட்டுத்தான், விழுந்தது நம் விக்கெட் என்று ஞாபகம் வந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

மித்ர மண்டலி அன்று நாற்பத்திரண்டு ரன்னில் சுருண்டது.

"இனிமே ஆவடிதான் சாமி," என்றார் மெஹபூப் அலி.

"போன ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன், பாய். மதில் இல்லை. ஆனா மேற்கால ஒரு பெரிய சிமென்ட் குழாய் கிடக்கு. வெயில் முதுகுக்குப் பின்னால போயிடும். மூணு பேர் தாராளமா உட்காரலாம்." கடலைத் தோலை ஊதினார் வேதாந்தம். பிறகு ரகசியம் போல, ஆனால் இரண்டு முழம் தள்ளிக் கேட்கும்படியாக, "அடுத்த ஜூன்ல தேசிங்கு திரும்பவும் கை மாறுவான்னு ஒரு பேச்சு அடிபடறது," என்றார்.

சாய்நாத் படக்கென்று திரும்பினார்.

"மாமா, எந்தக் கை?"