நாலாம் பதிப்பு

அந்த மருத்துவமனையின் மென்பொருள் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவளுடைய அண்ணன்தான். பில் போடும் புரோகிராம் அவன் பொறுப்பு. மருந்தகத்து புரோகிராம் இவள் பொறுப்பு. இரண்டுக்கும் பொதுவாக லைப்ரரி என்ற ஒரு நிரல் தொகுப்பு இருந்தது. ஒரு எண்ணையோ தேதியையோ எப்படிக் காட்டுவது என்று இரண்டு புரோகிராம்களும் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அதைக் கட்டிக் காப்பவனும் அண்ணன்தான். ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயரே 'சாவிக்காரர்'.

மருந்தக புரோகிராமை ஃபிரேம்வொர்க் என்கிற புதிய மென்பொருள் அடித்தளத்துக்கு அவள் வார்டு வார்டாக மாற்றிக்கொண்டு வந்தாள். மாறிய வார்டுகளுக்கு லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பு, மாறாதவற்றுக்குப் பழைய நாலாம் பதிப்பு என்று ஏற்பாடு.

"கடைசி வார்டு மாறுற வரைக்கும் நாலுல கை வைக்காதேண்ணா."

"எங்கிட்டயே சொல்றியா? ஒரு புள்ளிகூட நகராது, போ."

நகர்ந்தது புள்ளிதான். குழந்தைகள் வார்டில் ஒரு காலை, அரை மாத்திரைக்கு 0.5 என்று அச்சாக வேண்டிய மருந்துச் சீட்டில் 05 என்று வந்தது. நர்ஸ் கண்ணில் பட்டதால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை. சீட்டைக் கையில் பிடித்தபடி மருந்தகப் பொறுப்பாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஏம்மா, உன் ஆட்டத்துக்கு எங்க பிள்ளைங்கதான் கிடைச்சாங்களா?"

"அந்த வார்டை நான் இன்னும் தொடவே இல்ல மேடம்."

யார் நம்புவார்கள்? அவசரக் கூட்டத்தில் மேலாளர் அவள்மேல் எரிந்து விழுந்தார். எதிரே இருந்த அண்ணன் கண்ணாடியைத் துடைத்தபடி, "மாத்தும்போது இப்படி வரத்தான் செய்யும் சார். கத்துக்குவா," என்றான். தனக்காகப் பரிந்து பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இடத்துக்குத் திரும்பி, தன் கணினியில் முன்பே இறக்கி வைத்திருந்த நாலாம் பதிப்பையும் சர்வரில் இருந்ததையும் அருகருகே திறந்தாள். எண் அதே நாலு. உள்ளே வேறு. எண்களைக் காட்டும் பகுதியைத் திருத்தி, பதிப்பு எண்ணை மாற்றாமல் பழையதன் மேலேயே ஏற்றியிருந்தார்கள். அப்படி ஏற்றும் அனுமதி ஒரே ஆளுக்குத்தான் உண்டு.

படிக்கட்டில் அவனைப் பிடித்தாள்.

"பில்லுக்கு அவசரமா ஒரு திருத்தம்," என்றான். "நம்பர மாத்தினா எல்லார்கிட்டயும் ஒப்புதல் வாங்கணும். சின்ன விஷயம்தானேன்னு..."

"அது போகட்டும். கூட்டத்துல உக்காந்திருந்தப்பவே உனக்குத் தெரியும்ல?"

அவன் கீழே பார்த்தான். "சந்தேகம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்ணா?"

"நீ புதுசு, திட்டிட்டு விட்டுடுவாங்க. எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம்மா."

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நேராக அவனைக் கூட்டிக்கொண்டு போய், தன்னிடமிருந்த பழைய நாலாம் பதிப்பை அவன் கையாலேயே திரும்ப ஏற்ற வைத்தாள். சீட்டில் 0.5 அச்சாவதைக் கண்ணால் பார்த்த பிறகு, மேலாளரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"உங்க அண்ணன்தானேம்மா?" என்றார் அவர், சங்கடத்துடன்.

"ஆமா சார். அதனாலதான் முதல்ல அவன்கிட்டயே கேட்டுட்டு வந்தேன்."

ஒருமுறை ஏற்றிய பதிப்பின் மேல் இனி யாரும் ஏற்ற முடியாதபடி சர்வரைப் பூட்டினார்கள். பதவி உயர்வு தள்ளிப்போனது. அண்ணி போனில் கொட்டித் தீர்த்தாள். "கூடப் பிறந்தவன்னு ஒரு இது வேணாமா உனக்கு?"

"அதையே அவன்கிட்டயும் கேளுங்க அண்ணி."

பிறகொரு நாள் அண்ணன் ஆறாம் பதிப்பை எழுதி, அவள் பார்வைக்கு அனுப்பினான். முன்பெல்லாம் அவன் பெயரைப் பார்த்ததும் திறந்துகூடப் பார்க்காமல் சரி என்று அழுத்திவிடுவாள். இப்போது வரி வரியாகப் படித்தாள். ஒரு தவறும் இல்லை. மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.